சக்கரத்துக்கு ஒரு நாள் விடுப்பு

எனக்கு முப்பத்தாறு வயது. என் பெயருக்குக் கீழே 'ஓய்வு பெற்றவர்' என்று போடச் சொன்னதும் பாலிடெக்னிக் மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். "அக்கா, எங்க லெக்சரர் உங்கள விட வயசானவரு. அவரே இன்னும் வேலைதான் பாக்கறாரு" என்றாள் ஒருத்தி. நான் என்ன செய்ய? நான் பார்த்த வேலை என்னை முந்திக்கொண்டு ஓய்வு பெற்றுவிட்டது.

நெய்வேலியில் சுரங்க நிறுவனத்தின் கண்காட்சிப் பிரிவில் கான்ட்ராக்டில் இருந்தேன். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்தவள், இருபதுகள் முழுவதையும் முப்பதுகளில் பாதியையும் அங்கேயே கழித்தேன். உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ தொழில் கண்காட்சி என்று ஒன்று நடந்தால் அங்கே போய் ஸ்டால் போடுவது, விளக்கம் சொல்வது, பிரித்துக் கட்டித் திரும்பக் கொண்டுவருவது எங்கள் வேலை. போன வருடம் பிரிவை மூடிவிட்டார்கள். இனி எல்லாம் வாடகைக்கு எடுக்கும் வீடியோத் திரைகள். எனக்குத் திரைகள் மேல் கோபம் கிடையாது. சுரங்கத்துக்குள் பறந்து போகிற மாதிரி அவர்கள் காட்டுகிற படத்தை நானே வாய் பிளந்து பார்த்தேன்.

"மாநிலக் கண்காட்சிக்கு ஸ்டால் போடறோம்க்கா. மாடல் வைக்கலாமா, ஸ்கிரீன் வைக்கலாமா? உங்க அனுபவத்த எங்க மலருக்கு எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு எப்போதுமே வந்ததில்லை. அதனால் எங்கள் மாதிரி எந்திரம் ஓடாமல் நின்ற ஒரு நாளைச் சொல்கிறேன்.

முதலில் அந்த மாதிரி எந்திரம். சுரங்கத்தில் மண்ணையும் நிலக்கரியையும் வாரி எடுக்கிற பெரிய எந்திரத்தை நீங்கள் எல்லோரும் பஸ்ஸில் போகும்போதாவது பார்த்திருப்பீர்கள். நீண்ட கையின் நுனியில் வாளிகள் கோத்த சக்கரம். அதை ஆள் உயரத்துக்குச் சுருக்கி எங்கள் ஒர்க்‌ஷாப்பில் செய்திருந்தார்கள். மோட்டாரைப் போட்டால் சக்கரம் சுழலும், வாளிகள் வாரும், வாரியது பெல்ட்டில் ஓடிப் பின்பக்கம் கொட்டும். வாருவதற்கு உண்மையான நிலக்கரி போட முடியாது. தூசி பறக்கும், பக்கத்து ஸ்டால்காரர் சண்டைக்கு வருவார். அதற்கு எங்கள் பிரிவு கண்டுபிடித்திருந்த பொருள் புளியங்கொட்டை. கருக வறுத்து, ஒன்றிரண்டாக உடைத்து, சலித்து எடுத்தால் நிறமும் நம் கரி போலவே இருக்கும், வாளியில் விழுகிற விதமும் அப்படியே இருக்கும். தூசியும் இல்லை. மணம் மட்டும் இருக்கும். எந்த நாட்டு ஹாலாக இருந்தாலும் எங்கள் ஸ்டாலை மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

புளியங்கொட்டை வறுப்பவர் அய்யனார் அண்ணன், எங்கள் ஃபிட்டர். கம்மாபுரம் பக்கம் கிராமம். அவரும் கான்ட்ராக்ட்தான். மாதிரியைக் கட்டும்போது ஒவ்வொரு வாளியாகக் கழற்றிப் பழைய காட்டன் துணியில் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் படுக்க வைப்பது போலப் பெட்டிக்குள் வைப்பார். பெட்டி மூடுகிற நேரத்தில் யாரும் பேசக்கூடாது. நான் பேசுவேன். "தங்கச்சி, உன் வாய்க்கும் ஒரு துணி சுத்தட்டுமா?" என்பார்.

எங்கள் இருவருக்கும் மேலே மரகதம் மேடம். பட்டுச்சேலையும் ஸ்போர்ட்ஸ் ஷூவும்தான் அவருடைய கண்காட்சிச் சீருடை. மாதிரியை அவர் கையால் தொட்டு நான் பார்த்ததே இல்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், தாடையை அசைப்பார். அந்தப் பக்கம் ஏதோ கோணல் என்று அர்த்தம். பாராட்டு என்றால் "ம்". திட்டு என்றாலும் "ம்". இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

என்னிடம் அவருக்கு ஒரே ஒரு குறை. நான் பேசிக்கொண்டே இருப்பேன். ஆழம் எவ்வளவு, எடை எவ்வளவு, ஊற்றுநீரை எப்படி இறைக்கிறோம் என்று வருகிறவர்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். கூட்டம் போனதும் மேடம் வருவார்.

"ஷமீமா, சக்கரம் சுத்துதா?"

"சுத்துது மேடம்."

"அப்ப நீ ஏன் சுத்துற? அது பேசும்போது நீ வாய மூடு."

இதுதான் அவருடைய ஒரே சட்டம். மாதிரி ஓடும்போது விளக்குபவர் பேசக்கூடாது. யாராவது கேட்டால் மட்டும் வாய் திறக்கலாம். எனக்கு அது பெரிய தண்டனை. ஏனென்றால் சொல்வதற்கு என்னிடம் அவ்வளவு இருந்தது.

வேலையில் சேர்ந்த புதிதில் டவுன்ஷிப் லைப்ரரியில் உலகக் கண்காட்சிகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. லண்டனில் கண்ணாடியால் மாளிகை கட்டி, அதற்குள் உலகத்து எந்திரங்களை எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பாரிஸில் ஒரு கண்காட்சிக்காக எழுப்பிய இரும்புக் கோபுரம், இருபது வருடத்தில் பிரிக்கப்பட வேண்டியது, இன்றைக்கு அந்த ஊருக்கே அடையாளம். கோபுரத்துக்குப் போட்டியாக சிகாகோ கண்காட்சியில் ஒருவர் ராட்சத ராட்டினம் செய்து நிறுத்தினார். அதன் பேரப்பிள்ளைதான் வடலூர் தைப்பூசத்துக்கு வருகிற ஜெயன்ட் வீல்! ஜோதி தரிசனம் முடித்து, பொரி உருண்டை வாங்கி, ராட்டினத்தில் ஏறி உச்சியில் கத்துகிறோமே, அந்தக் கத்தலுக்கு விதை போட்டது ஒரு சர்வதேசக் கண்காட்சி. டெலிபோனைக் கூட ஜனங்கள் காதில் வைத்து முதன்முதலாக ஆச்சரியப்பட்டது இந்த மாதிரி ஒரு கூடாரத்தில்தான். உலகம் தன் புதுச்சட்டையைப் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்ட இடங்கள் இவை.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு பக்கமும் இருந்தது. எந்திரங்களுக்குப் பக்கத்து மைதானத்தில், அடிமைப்பட்ட நாடுகளிலிருந்து மனிதர்களைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். குடிசை போட்டுக் கொடுத்து, சமைக்கச் சொல்லி, நெய்யச் சொல்லி, ஆடச் சொல்லி. நம் நாட்டுக் கைவினைஞர்களும் கப்பலேறிப் போயிருக்கிறார்கள். ஜனங்கள் டிக்கெட் வாங்கி வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

இதை எல்லாம் ஒரு சுரங்கக் கண்காட்சிக்காக ஜெர்மனிக்குப் போகும் விமானத்தில் அய்யனார் அண்ணனிடம் சொன்னேன். அவர் தப்பிக்க வழியில்லையே. ராட்டினக் கதைக்குச் சிரித்தார். "அப்ப நம்ம பக்கெட் வீலும் ராட்டினத்துக்கு ஒறமொறதான்னு சொல்லு." வேலிக் கதைக்குச் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்: "உள்ள இருந்தவங்க வெளிய பாத்து இன்னா நெனச்சிகினு இருந்திருப்பாங்க?" புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

அந்தப் பயணம் எங்களுக்கு வாழ்வா சாவா. பிரிவை மூடிவிடலாம் என்ற பேச்சு அப்போதே வந்துவிட்டது. எங்கள் துறையின் மேலதிகாரி, நாங்கள் 'பெரிய சார்' என்று சொல்வோம், கிளம்புவதற்கு முன் மேடத்திடம் நேரடியாகவே சொல்லியிருந்தார். "அங்க அந்த நாட்டுச் சுரங்கக் கம்பெனிக் குழுவோட நானும் ஸ்டாலுக்கு வருவேன். அந்த மாடல் ஓடறத அவங்க பாக்கட்டும். அதுக்கப்புறம் பிரிவு வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணலாம்." சக்கரம் நன்றாக ஓடினால் எனக்கும் அய்யனார் அண்ணனுக்கும் கான்ட்ராக்ட் நீளும். இல்லாவிட்டால் நான் அத்தாவின் பாத்திரக் கடையில் கல்லாவில் உட்கார வேண்டும். அண்ணனுக்கு அந்தக் கல்லாவும் கிடையாது. நிலம் சுரங்கத்துக்குப் போனதும், வீட்டைப் பெயர்த்துக்கொண்டு வேறு இடம் வந்தவர் அவர்.

கண்காட்சி திறக்கிற நாள் ஆயுத பூஜை. பெரிய சார் வருவது மறுநாள் என்று நிகழ்ச்சி நிரல் சொன்னது. காலையில் அய்யனார் அண்ணன் தயங்கித் தயங்கி மேடத்திடம் வந்தார்.

"மேடம், இன்னிக்கி மெஷினுக்குச் சின்னதா ஒரு பொட்டு வச்சிடட்டுமா?"

மேடம் ஸ்டாலைச் சுற்றிப் பார்த்தார். முதல் நாள், கூட்டம் குறைவு. "ம்" என்றார். நல்ல "ம்".

எனக்குக் கொண்டாட்டம். ஒர்க்‌ஷாப் பூஜைக்கு நான் ஒரு வருடம் கூடத் தவறியதில்லை. பொரியும் கடலையும் பொட்டலமாக வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா தம்பிகளுக்குப் பங்கு வைப்பார். ஓடிப்போய் பக்கத்து ரயில் ஸ்டேஷன் கடையில் சாமந்தி போல ஒரு பூ வாங்கிவந்தேன். அண்ணன் பையிலிருந்து சந்தனமும் குங்குமமும் எடுத்தார். சக்கரத்துக்கு, ஒவ்வொரு வாளிக்கு, பெல்ட் உருளைகளுக்கு, கடைசியாக ஸ்விட்ச் பெட்டிக்குப் பொட்டு வைத்தார். கற்பூரம் ஏற்ற ஹாலில் அனுமதி இல்லை. எலுமிச்சம்பழம் அறுத்துச் எந்திரத்தைச் சுமக்கிற சங்கிலிப் பட்டைகளுக்கு அடியில் வைத்தார். பூச்சரத்தை ஸ்விட்ச் பெட்டிக்குக் குறுக்கே கட்டிவிட்டுக் கும்பிட்டார். ஸ்பேனர்களும் ஸ்க்ரூ டிரைவர்களும் துணி விரித்து அதன்மேல் வரிசையாகப் படுத்திருந்தன.

அப்போதுதான் மேடத்தின் ஃபோன் அடித்தது. பேசிவிட்டு வைத்தவர் முகம் மாறியிருந்தது.

"குழு நாளைக்கு இல்லயாம். இன்னிக்கே வர்றாங்களாம். மத்தியானம். சார் கூடவே வர்றாரு. அய்யனாரு, ட்ரையல் போடு."

அவர் நகரவில்லை.

"பூச போட்டாச்சே மேடம்."

"போட்டா?"

"பூச போட்ட சாமான இன்னிக்கு தொடக்கூடாது மேடம். நாளிக்கி காலைல எடுத்தாதான்."

எங்கள் மூவருக்குமே அது சின்ன வயதிலிருந்து தெரிந்த வழக்கம்தான். ஒர்க்‌ஷாப்பில் அன்று ஸ்பேனரை எவனாவது தூக்கினால் கையைத் தட்டிவிடுவார்கள். காலையில் பூ கட்டும்போது மூவரில் ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை. கண்காட்சிக்கு எந்திரத்தைக் கொண்டுவந்து, திறக்கிற நாளன்றே அதற்கு விடுமுறை கொடுத்துவிட்டோம்.

"சுரங்கத்துல நிறுத்துறாங்களா? பொட்டு வச்சிட்டு ஓட்டிக்கிட்டுதான இருக்காங்க?" என்றார் மேடம்.

"அது சுரங்கம் மேடம். அது நின்னா ஊரே இருட்டாப் பூடும், சாமிக்கே தெரியும். இது பொம்ம. இது நின்னா யாரு வூட்ல வெளக்கு அணையும்?"

"நம்ம வீட்டுல அணையும்யா!"

நான் நடுவில் புகுந்தேன். "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் மட்டும். அவங்க போனதும் மறுபடியும் பூ கட்டிடலாம்."

"உனக்கு இது வேடிக்க, தங்கச்சி. எனக்கு அப்டி இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் சுருக்கென்றது. பிறகு மேடத்தைப் பார்த்து, "நீங்க பெரியவங்க. பூவ எடுத்துட்டுப் போடுங்க. நான் தடுக்க மாட்டன். என் கையால வராது" என்றார். ஒதுங்கி நின்றுகொண்டார்.

மேடம் ஸ்விட்ச் பெட்டிக்கு அருகே போனார். பின்னால் கட்டிய கைகளில் ஒன்று அவிழ்ந்ததை நான் பார்த்தேன். பூவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவ்வளவுதான். மறுபடி பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. என்னைப் பார்த்துத் தாடையை அசைத்தார்.

"ஷமீமா. இன்னிக்கு நீ பேசு."

எத்தனை வருடம் காத்திருந்த வரம்! மத்தியானம் பெரிய சார் குழுவோடு வந்து நின்றார். சுற்றிலும் ஹால் முழுக்க எந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. எங்கள் ஸ்டாலில் மட்டும் ஒரு சக்கரம், நெற்றி நிறையப் பொட்டோடு, அசையாமல் நின்றது. சார் மேடத்திடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏன் ஓடல? ரிப்பேரா?"

"நல்லாருக்கு சார். இன்னிக்கு ஆயுத பூஜை."

"அதுக்கு?"

மேடம் என் பக்கம் தாடையை அசைத்தார். நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். ஆழம், எடை, கொள்ளளவு. கேட்பவர்களின் கண்கள் நழுவிப் பக்கத்து ஸ்டாலுக்குப் போவது தெரிந்தது. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது குழுவுக்குப் பின்னால் நின்ற ஒரு வயதான அம்மாள், மழைக்கோட்டும் கைத்தடியுமாக, பார்வையாளர் சீட்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடி முன்னால் வந்து, பூவைக் காட்டி இது எதற்கு என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

"இன்று இதற்கு விடுமுறை. வருடமெல்லாம் எங்களுக்காக உழைக்கிற கருவிகளுக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்து நன்றி சொல்வோம்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சக்கரத்தையே பார்த்தார். "எனக்கு இதைத் தெரியும். இங்கேயும் நிலக்கரிச் சுரங்கம் உண்டு; இப்படி ஒரு சக்கரத்துக்காக எங்கள் கிராமத்தையே எடுத்தார்கள். சர்ச்சையும் சேர்த்து. என் கணவர் அந்தச் சக்கரத்தைத்தான் ஓட்டினார்." பிறகு குரல் கொஞ்சம் உயர்ந்தது. "இதற்கா நன்றி சொல்கிறீர்கள்? இது உங்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லையா?"

என் பட்டியலில் ஆழமும் எடையும்தான் இருந்தன. நான் திரும்பி அய்யனார் அண்ணனிடம் தமிழில் சொன்னேன். அவர் முன்னால் வந்தார்.

"எங்க கொல்லி, நெலமெல்லாம் பூட்ச்சின்னு சொல்லு. எங்கப்பா வச்ச பலாமரம் ரெண்டு அதோட போச்சி." நான் மொழிபெயர்த்தேன். "மெஷினு இன்னா பண்ணும், காட்ன எடத்துல தோண்டுது. எனக்குச் சோறு போடுது. அதுக்கும் சேத்துதான் கும்புட்றன். போன நெலத்த நெனச்சிகினும் கும்புட்றன். தனித்தனியா ரெண்டு கும்புடு எனக்கு வராதுன்னு சொல்லு."

சொன்னேன். என் ஆங்கிலம் அன்று நன்றாக வந்ததா தெரியாது. அந்த அம்மாள் கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கை விரலால் ஒரு வாளியின் பொட்டுக்குப் பக்கத்தில், பொட்டைக் கலைக்காமல், தொட்டார். "எப்போது எழுப்புவீர்கள்?" என்றார்.

"நாளிக்கி காலைல, தொறந்ததும்" என்றார் அண்ணன்.

பெரிய சார் அதற்குள் கடிகாரத்தை மறந்திருந்தார். குழுவிலிருந்த ஒருவர் அந்த அம்மாளிடம் அவர்கள் மொழியில் கிராமத்தின் பெயரைக் கேட்டார். அவர் சொன்னார். இன்னொருவர், தன் தாத்தாவும் அந்தப் பக்கம்தான் என்றார். என்னிடமும் கேள்விகள் வரத் தொடங்கின. சக்கரம் ஓடுகிறபோது ஜனங்கள் என்னிடம் 'எவ்வளவு' என்றுதான் கேட்பார்கள். அன்று எல்லோரும் 'யார்' என்று கேட்டார்கள். அங்கே யார் இருந்தார்கள்? இப்போது எங்கே இருக்கிறார்கள்? இதை யார் ஓட்டுகிறார்கள்? தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னேன். தெரியாததை அண்ணனிடம் கேட்டுச் சொன்னேன். சார் போகும்போது மேடத்திடம், "நாளைக்குக் காலைல வர்றேன்" என்று மட்டும் சொன்னார். அவருடைய முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

அன்று இரவு, மறுநாள் கேள்வி வந்தால் சொல்வதற்கு இரண்டு பக்கம் எழுதி வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. கதவு திறந்தபோது எங்கள் ஸ்டாலுக்கு முன்னால் கூட்டம் இருந்தது. முந்தைய நாள் வந்தவர்கள், அவர்கள் சொல்லி வந்தவர்கள், அந்த அம்மாள், குழுவில் பாதிப்பேர், ஓரத்தில் பெரிய சார். அய்யனார் அண்ணன் பூச்சரத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி மடித்து வைத்தார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, ஸ்விட்சைக் கைகாட்டினார். அந்த அம்மாள் தயங்கினார். "போடுங்கம்மா" என்றார் அண்ணன். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சக்கரம் எழுந்தது. பொட்டுகள் கலந்து ஒரு சிவப்பு வளையமாகச் சுழன்றன. புளியங்கொட்டை மணம் எழும்பியது. நான் வாயைத் திறக்கவே இல்லை. சட்டத்துக்காக இல்லை, தேவைப்படவில்லை.

சற்று நேரத்தில் கண்காட்சி அமைப்பாளர்களில் ஒருவர் மகிழ்ச்சியோடு வந்தார். தினமும் நண்பகலில் இந்தச் சடங்கைச் செய்ய முடியுமா, மேளச் சத்தம் ஏற்பாடு செய்கிறோம், அந்த நண்பர் பாரம்பரிய உடையில் வந்தால் நன்றாக இருக்கும், ஒலிபெருக்கியில் அறிவிக்கிறோம் என்றார். நல்ல மனிதர்தான். நான் அண்ணனிடம் சொன்னேன். அவர் என் காதோரம், "வேலி கட்ட வராரு, தங்கச்சி" என்றார். பிறகு சத்தமாக: "தெனம் பூசன்னா தெனம் லீவு வுடணும். அவருக்குப் பரவால்லியான்னு கேளு."

கேட்டேன். அமைப்பாளர் யோசித்தார், ஓடுகிற சக்கரத்தைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மேடம் "ம்" என்றார். என் பணிக்காலத்தில் நான் கேட்டதிலேயே உயர்ந்த "ம்" அது.

பெரிய சார் கிளம்பும்போது மேடத்திடம் சொன்னது எனக்கும் கேட்டது. "அடுத்த தடவையும் இத எடுத்துட்டு வாங்க. ஆளுங்களும் இவங்களே வரட்டும்."

அந்த 'அடுத்த தடவை' எனக்கு அதன்பிறகு பல வருடம் சோறு போட்டது. எத்தனையோ ஊர்களைக் காட்டியது. அய்யனார் அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் பெர்மனென்ட் ஆனார். மேடம் உண்மையாகவே வயதாகி ஓய்வு பெற்றார். பிரிவு மூடிய அன்று எனக்கு அழுகை வரவில்லை. கிடைத்ததை நினைத்தால் நன்றி சொல்லத்தான் தோன்றியது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மாதிரியைப் பெட்டியில் வைக்கும்போது கடைசி வாளிக்கு நானே துணி சுற்றினேன். அண்ணன் என்னைச் சுற்ற விட்டார்.

தம்பி தங்கைகளே, மாடலோ ஸ்கிரீனோ, எதை வேண்டுமானாலும் வையுங்கள். அது நின்றுபோனாலும் சொல்வதற்கு உங்களிடம் ஆள் இருக்கட்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது வீட்டிலிருந்தபடியே ஸ்டால்களுக்கு விளக்க உரை எழுதித் தருகிறேன். சும்மா இருக்க எனக்கு வராது என்பது டவுன்ஷிப்புக்கே தெரியும். வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் லேப்டாப்பைத் திறப்பதில்லை. அன்று காலையில் அய்யனார் அண்ணன் வீட்டிலிருந்து பொரி வரும். "நமக்கு எதுக்கும்மா இந்த லீவு?" என்று அத்தா கேட்பார், கேட்டுக்கொண்டே கடலையைப் பொறுக்கித் தின்பார். மாலையில் தவறாமல் அண்ணனிடமிருந்து ஃபோன் வரும்; லேப்டாப்பும் அவருக்குப் பெட்டிதான்.

"தங்கச்சி, பெட்டியத் தொறந்தியா?"

"இல்லண்ணே."

"நாளிக்கி காலைல தொற."